அமைதி ஒத்திகை

ஒக்காரும்மா, ஒக்காரு. அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சு ஆடும். இங்கிட்டு நகந்து ஒக்காரு. பஸ்ஸு இப்பத்திக்கு வராது. டீக்கடைக்காரர் இந்தா வந்துரும் அந்தா வந்துரும்னு சொல்லுவார், அவருக்கு டீ விக்கணும்ல.

என் மூஞ்சியப் பாத்துப் பயந்துராத தாயி. நோவு ஒண்ணும் இல்ல, சாயம். இந்தா பாரு, கை. கழுத்து. காதுக்குப் பின்னாடி கூட இருக்கும். பச்சைச் சாயம், மலையில பெய்யுற இந்தச் சாரல்ல ஊறி எறங்கிருச்சு. கழுவினேன், போகல. அத விடு.

நீ ஏரிக்குப் போயிட்டுத்தான வர்ற? கழுத்துல கேமரா தொங்குதே, அதான் கேட்டேன். அங்கன வெள்ளை வேட்டி கட்டின ஆளு யாராச்சும் இருந்தாரா? ஒத்தையா? பாத்தியா! என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்? ஒண்ணும் பண்ணலையா? சும்மா ஒக்காந்திருந்தாரா? அதான். அவரேதான். சந்தேகமே இல்ல.

அவர்தாம்மா எங்க வீட்டுக்காரர். காலையில ஏரிக்குப் போற இந்த வனத்துறை கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டு, என் மூஞ்சிக்கு நேரா, என்னைய யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டார். நான் இவருக்கு ஆக்கிப்போட்டது எத்தன வருசம்! அந்த மனுசனுக்காகத்தான் இந்த டூருக்கே ஏற்பாடு பண்ணினேன். அவருக்காகவே. கேளு, நீயே நியாயம் சொல்லு.

எங்களுக்குத் திண்டுக்கல்லு. அவர் ஸ்பின்னிங் மில்லுல மிசினு பழுது பாக்குற பிட்டர். போன வருசம் ரிட்டயரானார். மில்லுன்னா உனக்குத் தெரியுமோ என்னமோ, உள்ள போனா ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குக் கேக்காது. காலம்பூரா அந்தச் சத்தத்துலயே கெடந்த மனுசன் வீட்டுல சும்மா இருந்தா ஏங்கிப் போயிருவார்னு நான் டிவிய அணைக்கிறதே இல்ல. அடுப்படியில ரேடியோ வேற ஓடும். அம்புட்டும் அவருக்காகத்தான்.

ஒரு நாள் காலையில நான் மிக்ஸியில தேங்கா அரைச்சுக்கிட்டு இருக்கேன். வந்தார். சுவிட்ச அணைச்சார். என்னடா இது, மிக்ஸி ரிப்பேரான்னு பாத்தா, பேசுறார். அவர் தானா வந்து பேசுறதே அபூர்வம்.

“பாக்கியம், மலையில கரடிச்சோலைன்னு ஒரு ஏரி இருக்காம். காட்டுக்குள்ள. மில்லுல கூட வேல பாத்தவன் சொன்னான். சத்தமே இருக்காதாம். ஒரு நாள் போயிட்டு வருவமா?”

“போயி?”

“போயி ஒக்காருவோம்.”

“ஒக்காந்து?”

“ஒக்காந்து ஒண்ணுமில்ல. பொழுது சாயத் திரும்பி வந்துருவோம்.”

ஒண்ணுமில்லாததுக்கு ஒரு நாளான்னு இருந்துச்சு எனக்கு. ஆனா பாரு, கல்யாணம் ஆன நாள்ல இருந்து இது வேணும் அது வேணும்னு வாயத் தெறந்து கேட்ட மனுசன் இல்ல. முதத் தடவையா கேட்டுட்டார். நான் எங்க தெரு மகளிர் சங்கத்துச் செயலாளரும்மா. தனபாக்கியம்னா எங்க ஏரியாவுல யாரக் கேட்டாலும் வீட்டக் காமிப்பாங்க. நான் பொறுப்பெடுத்தா எதையும் அரையும் கொறையுமா செய்ய மாட்டேன். அன்னைக்குச் சாயந்தரமே சங்கத்து மைக்கப் பிடிச்சு, “அமைதிச் சுற்றுலா, அமைதிச் சுற்றுலா, விருப்பமுள்ளவங்க பேரு கொடுக்கலாம்”னு அறிவிச்சுட்டேன். நாலு தெருவுக்குக் கேட்டுச்சு.

அவர் வாசல்ல வந்து நின்னார். “நான் நம்ம ரெண்டு பேரத்தான் சொன்னேன்”னார்.

“ரெண்டு பேருக்கு ஒரு வேன் எடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க”ன்னேன்.

“பஸ்ஸு இருக்கு பாக்கியம்”னார்.

பஸ்ஸாம்! செயலாளர் பஸ்ஸுல போனா நல்லாவா இருக்கும்?

ஒரு வேன் நெறைய ஆளு சேந்துருச்சு. சேந்த பொறகுதான் எங்க மருமக செல்லுல தேடி, அந்த ஏரிக்கு என்னென்ன கட்டுப்பாடுன்னு வாசிச்சுக் காமிச்சா. சத்தம் போடக் கூடாது. கண்ண உறுத்துற கலர்ல உடுத்தக் கூடாது. பவுடரு, சென்டு வாசனை ஆகாது. வனவிலங்கு மிரளும். அனுமதி கேட்டுலதான் கொடுப்பாங்க, அதுவும் அவங்களுக்குத் தோணினாத்தான். எங்க தெரு ஆளுகளப் பத்தி எனக்குத் தெரியாதா? லூர்துமேரி அக்கான்னு ஒருத்தி, மாதா கோயில்ல பாட்டுக் குரூப்புல முன்வரிசை. அவ ரகசியம் சொன்னாலே பக்கத்துத் தெருவுல இருந்து பதில் வரும். இந்த ஆளுகள அப்பிடியே கூட்டிட்டு வந்தா காடு தாங்குமா?

அப்பத்தான் ஒத்திகை வைக்கலாம்னு முடிவு பண்ணினேன். ஏகாம்பரம் அண்ணே மிலிட்டரியில இருந்தவர். அவரப் பயிற்சியாளராப் போட்டேன். மிலிட்டரியில சமையக்கட்டுலதான் இருந்தாராம். இருந்தா என்ன, மிலிட்டரி மிலிட்டரிதான?

தெனம் சாயந்தரம் எங்க மொட்ட மாடியில ஒத்திகை. காஞ்ச வேப்பெலைய மாடி பூராப் பரப்பி வச்சுட்டு, அதுமேல சத்தமில்லாம நடக்கணும். வளவி போடக் கூடாது, கொலுசு போடக் கூடாது. தும்மல் வந்தா மூக்கப் பிடிச்சுக்கிட்டு உள்ளயே தும்மணும். அதப் பழகுறதுக்குள்ள ரெண்டு பேருக்குக் காது அடைச்சுக்கிருச்சு. அப்புறம் சாப்பாடு. முறுக்குக் கூடாது, அப்பளம் கூடாது, கடிச்சா சத்தம் வரும்ல. இட்லி, பொங்கல், வாழைப்பழம்னு முடிவு பண்ணினோம். லூர்துமேரி அக்கா வெள்ளரிக்காயாச்சும் வச்சுக்குவோம்னு கெஞ்சினா. கடிச்சுக் காமின்னேன். கடிச்சா. கீழ் வீட்டு நாயி கொலைச்சுச்சு. ரத்து பண்ணிட்டேன்.

பேசக் கூடாதுன்னா கையாலதான பேசணும்? ஏகாம்பரம் அண்ணே கை ஜாடை கத்துக்கொடுத்தார். ஆனா அவருக்குத் தெரிஞ்ச ஜாடை அம்புட்டும் ரேசன் லாரி சம்பந்தப்பட்டது. லாரி பின்னாடி வரட்டும், லாரி நிக்கட்டும், மூட்டைய எறக்கு, பருப்பு தீந்துருச்சு. அம்புட்டுத்தான். இது போதுமாண்ணேன்னு கேட்டேன். “இத வச்சே சீனா பார்டர்ல காலம் தள்ளினோம்மா”ன்னார். சரின்னு விட்டுட்டேன்.

எங்க வீட்டுக்காரரும் ஒத்திகைக்கு வந்தார். வராம இருப்பாரா, அவர் ஆசைப்பட்ட ஏரியாச்சே. வேப்பெலை மேல நடக்கச் சொன்னோம். எல சத்தமே வரல. பூனை மாதிரி நடக்குறார். ஆனா முட்டி இருக்கே முட்டி, ஒவ்வொரு எட்டுக்கும் டொக்கு, டொக்குன்னு சொடுக்குது. மில்லுல நின்னு நின்னு தேஞ்ச முட்டி. ஏகாம்பரம் அண்ணே என்னையப் பாத்தார். கூட்டமே என்னையப் பாக்குது. நான் என்ன செய்ய? செயலாளரா இருந்துக்கிட்டுப் புருசனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம்னு வைக்க முடியுமா? “இவர் தேறல”ன்னு நானே அறிவிச்சேன்.

அவர் கோவப்படவே இல்லம்மா. “சரி பாக்கியம்”னார். மாடிப்படியில எறங்கிப் போனார். டொக்கு, டொக்குன்னு கேட்டுச்சு. அம்புட்டு நல்ல மனுசன். அதுக்கப்புறம் ஏரியப் பத்தி ஒரு வார்த்த பேசல. டூருக்கு நாங்க எல்லாம் கெளம்பினா தெருவுல யாரு இருப்பா? அதனால எல்லா வீட்டுச் சாவியையும் அவர்கிட்டக் கொடுத்து, செடிக்குத் தண்ணி ஊத்துற வேலையையும் கொடுத்தேன். மனுசன் தனியா விடப்பட்டோம்னு நெனைச்சுறக் கூடாதுல்ல.

அப்புறம் துணி. கண்ண உறுத்தாத கலர்னா காட்டுக்கு ஏத்தது பச்சைதான? ஆளுக்கு ஒரு பச்சை இருந்தா ஒழுங்கா இருக்காதுன்னு, எல்லார்கிட்டயும் பழைய வெள்ளச் சேல, வேட்டி, சட்டைய வாங்கி மூட்டையாக் கட்டிச் சின்னாளபட்டிக்குக் கொண்டுபோயி சாயப்பட்டறையில போட்டேன். அந்தாளு, “என்னம்மா விசேசம், கட்சி மாநாடா?”ன்னு கேட்டான். “ரெண்டு தண்ணி அலசிட்டு உடுத்துங்க, சாயம் எறங்கும்”னும் சொன்னான். அலசினா பச்சை மங்கிருமேன்னு நான்தான் அப்பிடியே உடுத்தச் சொன்னேன்.

இன்னைக்கு விடியக் கருக்கல்ல வேன் கெளம்புச்சு. அவர் வாசல்ல நின்னு கைய ஆட்டினார். மலையேற வரைக்கும் ஒரே பாட்டு, சிரிப்பு. “அமைதிப் பகுதி”ன்னு முதல் போர்டு வந்துச்சு பாரு, நான் எந்திரிச்சு நின்னு கையத் தூக்கினேன். அம்புட்டுத்தான். வேன் கப்புன்னு அடங்கிருச்சு. இனிமே திரும்பி இந்த போர்டத் தாண்டுற வரைக்கும் எவரும் வாயத் தெறக்கக் கூடாது, தெறந்தா அடுத்த டூருக்குச் சேத்துக்க மாட்டேன்னு ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தேன். எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுச்சு. ஒரு வேன் ஆளு, மூச்சுச் சத்தம் மட்டும். என் ஏற்பாட்ட நெனைச்சு எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஆனா சாரல் பிடிச்சுக்கிருச்சா, வேன் கண்ணாடி ஒண்ணு மூட மாட்டேங்குது. எல்லாரும் நனைஞ்சுட்டோம். யாரும் வாயத் தெறந்து சொல்லல, கையால தொடைச்சு மூஞ்சியிலயும் தேய்ச்சுக்கிட்டோம் போல. கேட்டுக்கிட்ட எறங்கி நின்னா, ஒருத்தர ஒருத்தர் பாக்குறோம், எல்லாரும் பச்சை. ஏகாம்பரம் அண்ணே மீசை பச்சை. லூர்துமேரி அக்கா நெத்தியில இருந்து தாடை வரைக்கும் பச்சை. சிரிப்பு வருது, சிரிக்கக் கூடாது. உள்ளயே சிரிச்சோம். தோளு மட்டும் குலுங்குது.

அந்தா நிக்கிறார் பாரு, காக்கிச் சட்டை, கேட்டு வாச்சர். அவர் வெளிய வந்து பாத்தார். ஒரு எட்டு பின்னாடி வச்சார். “யாரு நீங்க?”ன்னார்.

யாரு பேசுவா? போர்டத் தாண்டியாச்சே. எல்லாரும் என்னையப் பாக்குறாங்க. சட்டம் போட்டவளே சட்டத்த மீறலாமா?

“எந்த ஊரு? யாரு கூட்டிட்டு வந்தா?” வாச்சர் குரல் உசருது. “ஆதார் இருக்கா?”

எல்லாரும் ஆதார நீட்டினோம். அவர் கார்டப் பாக்குறார், மூஞ்சியப் பாக்குறார், மறுபடி கார்டப் பாக்குறார். ஒருத்தர் மூஞ்சியும் ஒத்துப் போகல. ஏகாம்பரம் அண்ணே நெலைமையச் சமாளிக்கிறேன்னு முன்னாடி வந்து கை ஜாடை காமிச்சார். லாரி நிக்கட்டும், மூட்டைய எறக்கு. வாச்சர் என்னத்தப் புரிஞ்சுக்கிட்டாரோ, உள்ள ஓடிப்போயி வயர்லெஸ்ஸ எடுத்துட்டார். “சார், பச்சை டிரெஸ்ஸுல ஒரு கூட்டம் வந்திருக்கு சார். மூஞ்சியில எல்லாம் பூசியிருக்காங்க. வாயே தெறக்க மாட்டேங்குறாங்க சார். மூட்டை கீட்டைன்னு ஏதோ சைகை பண்றாங்க.” மூட்டையில என்ன இருந்துச்சு? இட்லி.

எங்கள வரிசையா அந்த மதில் ஓரமா நிப்பாட்டிட்டார். அவங்க பெரிய அதிகாரி ரேஞ்சர் வர்றவரைக்கும் நகரக் கூடாதாம். அப்பிடி நிக்கிறப்பத்தான் கீழ இருந்து ஒரு டவுன் பஸ்ஸு வந்து நின்னுச்சு. எறங்குறது யாருன்னு நெனைக்கிற? எங்க வீட்டுக்காரர்! சலவை வேட்டி, தோள்ல துண்டு. கையில ஒரு மஞ்சப்பை. நடந்து வர்றார், டொக்கு டொக்குன்னு. இடுப்புல கலகலன்னு சத்தம் வேற. என்னன்னு பாத்தா, எங்க தெரு வீட்டுச் சாவி அம்புட்டும் அவர் இடுப்புல தொங்குது!

செடிக்கு யாரு தண்ணி ஊத்துறா? ஆனா கேக்க முடியலையே.

அவர் எங்களப் பாக்காம நேரா அந்தா தெரியுற ஆபீஸ் ஜன்னலுக்குப் போயி உள்ள இருக்கிறவர்கிட்ட என்னமோ ரொம்ப நேரம் பேசினார். கக்கூஸ் எங்க இருக்குன்னு கேக்குறார் போலன்னு நெனைச்சேன். ஒரு சீட்டு வாங்கி மடிச்சுப் பையில வச்சார். திரும்பினார். அப்பத்தான் வாச்சர் அவரக் கூப்புட்டு, “ஐயா, நீங்களும் திண்டுக்கல்லுன்னு சொன்னீங்களே. இந்த வேனும் அந்த ஊரு நம்பரு. இந்தக் கூட்டத்த உங்களுக்குத் தெரியுமா?”ன்னு கேட்டார்.

அவர் வந்தார். வரிசையா ஒவ்வொருத்தரையும் பாத்தார். ஏகாம்பரம் அண்ணனப் பாத்தார், லூர்துமேரி அக்காவப் பாத்தார். கடைசியா என்னையப் பாத்தார். நல்லாவே பாத்தார் தாயி. எனக்கு என்னங்கன்னு கூப்புடணும் போல இருக்கு. வாய மூடிக்கிட்டு நின்னேன். பொறந்ததுல இருந்து நான் அப்பிடி நின்னது இல்ல. கையாலயாச்சும் சொல்லுவோம்னு தூக்கினேன், அந்நேரத்துக்கு ஞாபகம் வந்தது ஒரே ஜாடைதான். லாரி பின்னாடி வரட்டும்.

அவர் அதையும் பாத்தார். பாத்துட்டு வாச்சர் பக்கம் திரும்பி, “இந்தக் கூட்டமா? எனக்குத் தெரியாதுங்க”ன்னார். கேட்டத் தாண்டி உள்ள போயிட்டார். திரும்பிப் பாக்கல.

நீயே சொல்லு. அடுக்குமா?

அதுக்கப்புறமும் நான் வாயத் தெறக்கல. தெறந்தது லூர்துமேரி அக்கா. அவ கால்ல அட்டை ஏறிருச்சு. இந்த மலை அட்டை இருக்கே, கடிக்கிறது தெரியாது, குனிஞ்சு பாத்தா ரத்தம் குடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கு. “யேசுவே!”ன்னு ஒரு சத்தம் போட்டா பாரு, மரத்துல இருந்த குருவி பூராப் பறந்துருச்சு. அம்புட்டுத்தான், அணை ஒடைஞ்ச மாதிரி எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சுட்டாங்க. அட்டைய எப்பிடி எடுக்கிறதுன்னு ஒருத்தர், சாயத்துக்கு யாரு பொறுப்புன்னு ஒருத்தர், வெள்ளரிக்காய ஏன் ரத்து பண்ணினன்னு ஒருத்தர். சரியா அந்நேரம் ரேஞ்சர் ஜீப்புல வந்து எறங்குறார். நான்தான் முன்னாடி போயி, “சார், நாங்க அமைதிச் சுற்றுலா வந்திருக்கோம்”னேன். இந்தச் சத்தத்துல அவருக்குக் கேக்கல. இன்னொரு தடவ கத்திச் சொன்னேன்.

வேன்ல வந்த ஒருத்தருக்கும் இன்னைக்கு அனுமதி இல்லைன்னுட்டார்.

எல்லாரும் கீழ அருவியில சாயத்தக் கழுவுறேன்னு வேன எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க சத்தம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்களாம். நான் போகல. எப்பிடிப் போவேன்? சாவி பூரா அந்த மனுசன் இடுப்புல இருக்கு. அதுக்காகத்தான் ஒக்காந்திருக்கேன், வேற ஒண்ணும் இல்ல.

நீ என்ன சிரிக்கிற? மூஞ்சி பச்சையா இருந்துச்சுல்ல, அதான் அவருக்கு அடையாளம் தெரியல. வேற என்ன? பாவம், கண்ணாடி மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார்.

இரு, வாச்சர் கூப்புடுறார். என்னங்க? இங்கதான் இருக்கேன், சொல்லுங்க. யாரு? தனபாக்கியமா? இங்க தனபாக்கியம் யாருன்னு என்கிட்டயே கேட்டா? நான்தான் தனபாக்கியம். ஏன்?

என்ன? பாஸுல ரெண்டு பேரு இருக்கா? அழகுமலை, தனபாக்கியம்னா? அழகுமலை எங்க வீட்டுக்காரர் பேருதாங்க. எப்ப வாங்கினார்? அப்பவேவா, அந்த ஜன்னல்லயா? இன்னொருத்தர் பின்னாடி வரும்னா சொன்னார்? பேச்சு முடிஞ்ச பொறகு வரும்னு சொன்னாரா?

கேட்டியா தாயி! ஒத்திகையில தேறலைன்னு நான் நீக்கின ஆளு, எனக்குப் பாஸு வாங்கி வச்சிருக்கார்!

இல்லைங்க, ரேஞ்சர் எங்களுக்கு அனுமதி இல்லைன்னுட்டாரே. ஓ, அது வேன் கூட்டத்துக்கா? இது தனிப் பாஸா? இன்னும் செத்த நேரத்துல கேட்டச் சாத்திருவீங்களா?

தாயி, அந்த டம்ளர்ல தண்ணி இருக்கா? இப்பிடி ஊத்து. நெத்தியில போகுதா? போகலையா? சரி விடு. பையை நானே எடுத்துக்கிறேன், உள்ள இட்லி இருக்கு. காலையில எதையாச்சும் தின்னாரோ என்னமோ.

போறேன். போயி அந்த மனுசன நாலு கேள்வி கேக்காம விடப்போறது இல்ல. சம்சாரத்தத் தெரியாதுன்னா சொல்லுறார்? சத்தம் போட மாட்டேம்மா, சட்டம் எனக்குத் தெரியும். ஆனா அவருக்கு மில்லுல காது மந்தமாயிருச்சு. மெதுவாப் பேசினாக் கேக்காது. பக்கத்துல நெருங்கி ஒக்காந்து, காதோட காதாத்தான் கேக்கணும்.